ஸ்கேனருக்கும் சொந்தமா ஒரு மெயில் ஐடி வேணும்

கம்ப்யூட்டர் சயின்ஸோ, ஐடியோ, ஏன் மெக்கானிக்கலோ கூட, நீங்க இன்ஜினியரிங் படிக்கிறீங்கன்னு தெரிஞ்சாலே போதும். சித்தப்பா ஆபீஸ்லயோ, பக்கத்துத் தெரு ஆடிட்டர்கிட்ட இருந்தோ, இன்டர்ன்ஷிப் போன கம்பெனியிலயோ ஒருநாள் இந்தக் கோரிக்கை வந்தே தீரும்: "தம்பி, இந்த மெஷின்ல ஸ்கேன் பண்ணா மெயில் போக மாட்டேங்குது. கொஞ்சம் பார்த்துக் கொடுப்பா."

அதுக்கப்புறம் பெரும்பாலும் நடக்கிறது இதுதான். யூட்யூப்ல ஒரு வீடியோ ஓடும். பக்கத்துல உட்கார்ந்திருக்கிற ஊழியர் தன்னோட சொந்த ஜிமெயிலைக் கொடுப்பார். அந்த ஐடியும் பாஸ்வேர்டும் பிரிண்டர்ல ஏறும். டெஸ்ட் மெயில் போகும். டீ வரும். எல்லாரும் சந்தோஷமா கலைஞ்சு போயிடுவாங்க.

இந்த வேலை முடியவே இல்லைங்கிறதுதான் என் வாதம். மெஷினுக்குன்னு ஒரு தனி மெயில் ஐடி, அதுக்குத் தேவையான அளவுக்கு மட்டும் அனுமதி, அதைப் பார்த்துக்க பெயர் சொல்லக்கூடிய ஒரு ஆள். இந்த மூணும் இல்லாம "செட்டப் முடிஞ்சுது"ன்னு யாரும் சொல்லக் கூடாது. ஏன்னா அந்தக் கண்ணாடி மேல வந்து உட்கார்றது ஆதார், பான் கார்டு, பேங்க் பாஸ்புக், டிசி, சம்பளச் சீட்டு. அந்தக் காகிதத்துக்குச் சொந்தக்காரருக்கு உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாது. செட்டப் பண்றவருக்குத் தெரிஞ்சிருக்கணும்.

மெஷின் என்ன பண்ணுது?

ஆபீஸ்ல மூலையில நிக்கிற அந்த பெரிய மல்டி ஃபங்ஷன் பிரிண்டரை நம்ம ஊர்ல இன்னும் 'ஜெராக்ஸ் மெஷின்'னுதான் சொல்றாங்க. ஆனா உள்ள இருக்கிறது ஒரு முழுக் கம்ப்யூட்டர். பிராசஸர் இருக்கு, மெமரி இருக்கு, பெரிய மாடல்கள்ல ஹார்டு டிஸ்க்கும் இருக்கு. ஸ்கேன் பட்டனை அழுத்தினா காகிதத்தைப் படமா மாத்தி, பிடிஎஃப் ஆக்கி, ஒரு மெயில் எழுதி, அதை மெயில் சர்வர்கிட்ட ஒப்படைக்குது. அதாவது அது ஒரு மெயில் கிளையன்ட். உங்க போன்ல இருக்கிற மெயில் ஆப் பண்ற அதே வேலை.

இந்த ஒப்படைப்புக்குத்தான் எஸ்.எம்.டி.பி. நெட்வொர்க்ஸ் பேப்பர்ல அப்ளிகேஷன் லேயர்ல ரெண்டு மார்க் கேள்வியா வருமே, அதேதான். ஜான் போஸ்டெல் எழுதின ஆர்.எஃப்.சி. 821 வெளிவந்தது 1982 ஆகஸ்ட்ல. அந்த முதல் வடிவத்துல பாஸ்வேர்டுங்கிற விஷயமே கிடையாது. யார் வந்து மெயில் கொடுத்தாலும் சர்வர் வாங்கிக்கும். ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்ச சின்ன நெட்வொர்க்குக்கு அது போதுமா இருந்துச்சு. ஸ்பேம் பெருகினதுக்கு அப்புறம், 1999-ல ஆர்.எஃப்.சி. 2554 மூலமா "நீ யார்?"னு கேட்கிற வசதி சேர்ந்தது.

பிரிண்டர் செட்டிங்ஸ்ல நீங்க பார்க்கிற எல்லாக் கட்டமும் இந்த வரலாற்றோட மிச்சம்தான். சர்வர் முகவரி, போர்ட், யூசர்நேம், பாஸ்வேர்டு, என்கிரிப்ஷன், அனுப்புநர் முகவரி. போர்ட் 25 சர்வருக்கும் சர்வருக்கும் இடையில பேசுறதுக்கு. பிரிண்டர் மாதிரி ஒரு கிளையன்ட் மெயிலைக் கொடுக்கிறதுக்கு 587 அல்லது 465. 587-ல முதல்ல சாதாரணமா பேச ஆரம்பிச்சு, ஸ்டார்ட் டி.எல்.எஸ். சொல்லி பூட்டிக்கும். 465-ல முதல் பைட்ல இருந்தே பூட்டு. சில பிரிண்டர்கள்ல இது ரெண்டும் 'டி.எல்.எஸ்.', 'எஸ்.எஸ்.எல்.'னு வேற வேற பேர்ல இருக்கும். போர்ட்டை ஒண்ணு வச்சு, பூட்டை இன்னொண்ணு வச்சா மெயில் போகாது. பாதிப் பேர் மாட்டிக்கிற இடம் இது.

"நேத்து வரைக்கும் ஓடுச்சே"

இந்தப் புலம்பலுக்கு ஒரு தேதி இருக்கு. 2022 மே 30. அன்னையோட, தனிநபர் ஜிமெயில் கணக்குகள்ல 'லெஸ் செக்யூர் ஆப்ஸ்'னு இருந்த வசதியை கூகுள் நிறுத்திடுச்சு. பிரிண்டர்ல சாதாரண ஜிமெயில் பாஸ்வேர்டைப் போட்டு ஓட்டின ஆபீஸ்கள்ல ஸ்கேன் மெயில் நின்னு போச்சு. வொர்க்ஸ்பேஸ் கணக்குகளுக்கும் பின்னாடி அதே கதவு மூடுச்சு. மைக்ரோசாஃப்ட் பக்கம், எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன்ல வெறும் யூசர்நேம்–பாஸ்வேர்டு முறையை 2022 அக்டோபர்ல இருந்து ஒவ்வொரு புரோட்டோகாலா மூட ஆரம்பிச்சாங்க. பிரிண்டர்களை நினைச்சோ என்னவோ, எஸ்.எம்.டி.பி.யை மட்டும் அப்போ விட்டு வச்சாங்க. அதையும் 2025 செப்டம்பர்ல நிறுத்தப் போறோம்னு 2024-ல அறிவிச்சு, அப்புறம் தள்ளிப் போட்டாங்க. திசை மட்டும் தெளிவு: பாஸ்வேர்டை மட்டும் வச்சு மெயில் அனுப்புற காலம் முடியுது. புது மாடல் பிரிண்டர்கள்ல ஓஆத் வர்றதும் அதனாலதான்.

இன்னொரு பக்கம் டி.எல்.எஸ். 1.0, 1.1 ரெண்டும் 2021 மார்ச்ல ஆர்.எஃப்.சி. 8996 மூலமா ஓய்வு பெற்றாச்சு. பத்துப் பன்னிரண்டு வருஷ மெஷின்ல 1.2 இல்லேன்னா, பாஸ்வேர்டு சரியா இருந்தும் சர்வர் பேசவே மாட்டேங்கும்.

இப்படி நின்னு போகும்போது ஆபீஸ்கள் எடுக்கிற முடிவுகள்தான் எனக்குப் பிரச்சினை. என்கிரிப்ஷனை அணைச்சுப் பார்க்கிறது. சர்டிஃபிகேட் சரிபார்ப்பை நிறுத்திடுறது. இல்லேன்னா, யாரோ ஒரு ஊழியரோட ஜிமெயில்ல டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுத்து, அதைப் பிரிண்டர்ல ஒட்டிடுறது. கடைசி வழி வேலை செய்யும். வேலை செய்றதாலேயே அதை யாரும் திரும்பிப் பார்க்கிறதில்ல.

யாரோட 'சென்ட்' ஃபோல்டர்?

நான் பார்த்த ஒரு சின்ன ஆபீஸ்ல பிரிண்டர் மெயில் அனுப்பிட்டிருந்தது, வேலையை விட்டுப் போன ஒருத்தரோட சொந்த ஜிமெயில்ல இருந்து. அவர் போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்ல. அன்னைக்கு அவர்தான் பக்கத்துல இருந்தார், அவர் ஐடியைப் போட்டாங்க. அவ்வளவுதான்.

இதோட அர்த்தத்தை யோசிச்சுப் பாருங்க. ஜிமெயில் சர்வர் வழியா போற ஒவ்வொரு மெயிலும் அந்தக் கணக்கோட சென்ட் ஃபோல்டர்ல ஒரு காப்பியா நிக்கும். அந்த ஆபீஸ் ஸ்கேன் பண்ண ஒவ்வொரு பான் கார்டும், ஒவ்வொரு வாடகை ஒப்பந்தமும், இப்போ அங்க வேலையில இல்லாத ஒருத்தரோட போன்ல இருக்கு. அவர் நல்லவரா இருக்கலாம். அவர் போன் தொலைஞ்சா? அதை எடுத்தவரும் நல்லவரா இருக்கணுமே!

இதுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஆப் பாஸ்வேர்டுங்கிறது மெயில் அனுப்ப மட்டும் கொடுக்கிற அனுமதி இல்ல. அதை வச்சு அந்தக் கணக்கோட மொத்த மெயிலையும் படிக்கலாம். ஆக, அந்த ஊழியரோட காதல் கடிதத்துல இருந்து கடன் நோட்டீஸ் வரைக்கும் திறக்கிற சாவி, ஆபீஸ் மூலையில இருக்கிற மெஷின்ல கிடக்கு. அவர் ஒருநாள் தன் கூகுள் பாஸ்வேர்டை மாத்தினார்னா ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் ரத்தாகும். அப்போ ஆபீஸ்ல ஸ்கேன் நிக்கும். ஏன் நின்னுச்சுன்னு யாருக்கும் புரியாது. திரும்ப ஒரு 'தம்பி'யைக் கூப்பிடுவாங்க.

மெஷினோட சொந்தப் பாதுகாப்பும் லேசுப்பட்டது இல்ல. பல ஆபீஸ்ல பிரிண்டரோட அட்மின் பாஸ்வேர்டு கம்பெனி வச்சு அனுப்பினதுதான். 2025-ல ரேப்பிட்7 ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட விஷயம்: பிரதர் நிறுவனத்தோட 689 மாடல்கள்ல, சீரியல் நம்பர் தெரிஞ்சா தொழிற்சாலை பாஸ்வேர்டைக் கணக்குப் போட்டே கண்டுபிடிச்சிடலாம். ஏற்கெனவே வித்த மெஷின்கள்ல இதை ஃபர்ம்வேர் அப்டேட்டால முழுசா சரி பண்ண முடியாது. பாஸ்வேர்டை மாத்துறதுதான் வழி. அட்மின் பக்கத்துக்குள்ள ஒருத்தர் போயிட்டா, மெயில் சர்வர் முகவரியைத் தன் லேப்டாப்புக்கு மாத்தி 'டெஸ்ட்' அழுத்தினா போதும். சில மெஷின்கள் சேமிச்சு வச்ச பாஸ்வேர்டைத் தானாவே கொண்டுபோய்க் கொடுத்துடும். பாஸ்பேக் அட்டாக்னு இதுக்குப் பேரு.

நம்ம ஊர்ல நிறைய ஆபீஸ் மெஷின்கள் வாடகைக்கு வர்றது. ஒப்பந்தம் முடிஞ்சா வண்டியில ஏத்திட்டுப் போயிடுவாங்க. அட்ரஸ் புக்கும், மெயில் பாஸ்வேர்டும், ஹார்டு டிஸ்க் இருந்தா பழைய ஸ்கேன்களும் அதோடவே போகலாம். இது வீண் பயம் இல்ல. 2010-ல அமெரிக்காவோட சி.பி.எஸ். செய்திக் குழு பழைய காப்பியர்களை வாங்கி உள்ளே பார்த்தப்போ, ஒண்ணுல அஃபினிட்டி ஹெல்த் பிளான்ங்கிற காப்பீட்டு நிறுவனத்தோட மருத்துவப் பதிவுகள் இருந்துச்சு. அந்த நிறுவனம் 2013-ல 12 லட்சம் டாலருக்கு மேல கட்டி அந்த விவகாரத்தை முடிச்சுது. நம்ம நாட்டுலயும் 2023-ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. தகவலை வாங்கி வச்சிருக்கிறவங்கதான் அதைக் காப்பாத்தணும்னு அது சொல்லுது. "பிரிண்டர்ல இருந்துதான் சார் போச்சு"ங்கிறது அங்க பதிலா நிக்காது.

அப்போ எப்படிப் பண்ணணும்?

முதல்ல ஐடி. ஆபீஸுக்கு சொந்த டொமைன் இருந்தா 'ஸ்கேனர்'ங்கிற மாதிரி ஒரு பெயர்ல அங்கேயே ஒரு கணக்கு. டொமைன் இல்லாத சின்ன ஆபீஸா? பரவாயில்ல, ஸ்கேனுக்குன்னே புதுசா ஒரு ஜிமெயில் திறங்க. அதுல வேற எந்த மெயிலும் வரக் கூடாது. ரெக்கவரி நம்பர் முதலாளியோடதா இருக்கட்டும், உங்களோடது வேண்டாம். டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு ஆப் பாஸ்வேர்டு எடுங்க. இப்போ அந்த சாவி தொலைஞ்சா கூட, திறக்கிறது ஸ்கேன் பெட்டி மட்டும்தான். அந்தப் பெட்டியையும் மாசம் ஒரு தடவை காலி பண்ணச் சொல்லுங்க.

வொர்க்ஸ்பேஸோ மைக்ரோசாஃப்ட் 365-ஓ இருக்கிற ஆபீஸா இருந்தா, ரிலே வழியைப் பாருங்க. ஆபீஸோட ஐ.பி. முகவரியில இருந்து வந்தா மட்டும் வாங்கிக்கோன்னு அட்மின் பக்கத்துல சொல்லி வைக்கலாம். பிரிண்டர்ல பாஸ்வேர்டே இருக்காது. ஆனா இதுக்கு ஸ்டாட்டிக் ஐ.பி. வேணும். சாதாரண பிராட்பேண்ட்ல ஐ.பி. மாறிட்டே இருக்கும், அதையும் முன்னாடியே கேட்டுடுங்க.

அடுத்து, மெயில் போகலைன்னா பூட்டைக் கழட்டாதீங்க. காரணத்தைத் தேடுங்க. என் அனுபவத்துல காரணம் பெரும்பாலும் சப்பையா இருக்கும். பிரிண்டரோட தேதி 2010-ல நிக்கும். அந்தத் தேதிக்கு சர்வரோட சர்டிஃபிகேட் செல்லாது, மெஷின் இணைப்பை வெட்டிடும். ஐ.பி.யைக் கையால போட்டவர் டி.என்.எஸ். கட்டத்தைக் காலியா விட்டிருப்பார். சர்வர் பேரையே அதால கண்டுபிடிக்க முடியாது. போர்ட் 25 போட்டிருப்பாங்க. பல இன்டர்நெட் நிறுவனங்கள் அதை வெளியே விடுறதில்ல. அனுப்புநர் முகவரியில ஒரு ஐடி, லாகின்ல வேற ஐடி இருக்கும். இந்த நாலையும் பார்த்துட்டு, ஃபர்ம்வேரையும் அப்டேட் பண்ணிட்டு, அப்புறம் பேசலாம்.

மெயில் போய், "ஃபைல் பெருசு"ன்னு திரும்பி வந்தா கணக்குப் போடுங்க. ஏ4 பக்கத்தை 300 டி.பி.ஐ.ல ஸ்கேன் பண்ணா 2480க்கு 3508, கிட்டத்தட்ட 87 லட்சம் பிக்ஸல். கலர்ல சுருக்காம வச்சா 26 எம்.பி. கறுப்பு வெள்ளையில ஒரு எம்.பி.தான். 600 டி.பி.ஐ. போட்டா எல்லாமே நாலு மடங்கு. அதைச் சுருக்கிதான் பிடிஎஃப் ஆகுது, சரி. ஆனா மெயில்ல போகும்போது பேஸ்64 ஆகி, மூணு பைட் நாலு எழுத்தா வீங்கும். 10 எம்.பி. வரைக்கும் வாங்குற சர்வர்ல ஏழரை எம்.பி. ஃபைலே தடுமாறும். சாதாரண கடிதத்துக்கு 200 அல்லது 300 டி.பி.ஐ., கறுப்பு வெள்ளை போதும்.

அதுக்காக சுருக்கத்தை ஏத்திக்கிட்டே போகவும் கூடாது. 2013-ல டேவிட் கிரீசல்ங்கிற ஜெர்மன் ஆராய்ச்சியாளர் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் வொர்க்சென்டர்ல ஸ்கேன் பண்ணார். வேற வேற அளவுள்ள மூணு அறைக்கும் 14.13 சதுர மீட்டர்னே எண் வந்துச்சு. ஒரே மாதிரி தெரியிற துண்டுகளுக்கு ஒரே படத்தைப் போட்டு இடம் மிச்சம் பண்ற ஜேபிக்2 சுருக்க முறை எண்ணையே மாத்தி வச்சிருந்துச்சு. அந்த நிறுவனம் அப்புறம் திருத்தம் வெளியிட்டது. மார்க் ஷீட்ல ஒரு 6, 8 ஆனா என்ன ஆகும்னு நமக்குச் சொல்லியா தரணும்?

"சின்ன ஆபீஸுக்கு இவ்வளவு எதுக்கு?"

இந்த எதிர்வாதம் எனக்குப் புரியுது. நாலு பேர் இருக்கிற ஆபீஸ்ல ஐடி ஆள் வைக்க முடியாது. ஆனா மேல சொன்னதுல பெரும்பாலானதுக்குக் காசே இல்ல. புது ஜிமெயில் இலவசம். அட்மின் பாஸ்வேர்டு மாத்துறது இலவசம். தேதி சரி பண்றது இலவசம். யாரோட ஐடி, என்னைக்குப் போட்டது, யார் பொறுப்புன்னு ஒரு ஸ்டிக்கர்ல எழுதி மெஷின் பக்கவாட்டுல ஒட்டுறதுக்கு ரெண்டு ரூபாய் ஆகுமா? (பாஸ்வேர்டை எழுதி ஒட்டாதீங்க, ப்ளீஸ்.)

"மெயிலே வேண்டாம், ஃபோல்டருக்கு ஸ்கேன் பண்ணிக்கலாமே"ன்னும் கேட்பாங்க. நல்ல யோசனைதான், அதுலயும் ஒரு பள்ளம் இருக்கு. பழைய மெஷின்கள் எஸ்.எம்.பி. முதல் பதிப்புல மட்டும்தான் பேசும். அதுக்காக விண்டோஸ்ல அந்தப் பழைய வசதியை ஆன் பண்ணச் சொல்லி ஒரு வீடியோ இருக்கும். 2017 மே மாசம் வான்னாகிரை உலகம் பூரா பரவினது அந்த வழியாதான். அதுக்குப் பதிலா பென் டிரைவ்ல ஸ்கேன் பண்ணிக்கலாம்.

மெஷின் நிஜமாவே பழசு, டி.எல்.எஸ். 1.2 வரவே வராதுன்னா? இங்கதான் நமக்கு வேலை இருக்கு. ஒரு பழைய பிசியிலயோ ராஸ்பெர்ரி பையிலயோ போஸ்ட்ஃபிக்ஸ் போட்டு, பிரிண்டரோட ஐ.பி.யில இருந்து மட்டும் மெயில் வாங்கி, வெளியே ஒழுங்கான என்கிரிப்ஷனோட அனுப்புற ஒரு ரிலே கட்டலாம். மெயில் சர்வர், டி.எல்.எஸ்., ஃபயர்வால், லாக் படிக்கிறது எல்லாமே ஒரே பெட்டியில. போஸ்ட்ஃபிக்ஸ் ஓப்பன் சோர்ஸ், செலவும் கம்மி. வருஷா வருஷம் நம்ம டிபார்ட்மென்ட்ல ஃபேஸ் ரெகக்னிஷன் அட்டெண்டன்ஸ் சிஸ்டம் மட்டும் எத்தனை டீம் பண்றாங்க? ரிவ்யூ முடிஞ்சதும் அதை யாராவது ஓட்டியிருக்காங்களா? இந்த ரிலேயை ஒரு மினி புராஜெக்ட்டா எடுத்தா, அடுத்த நாளே ஒரு ஆபீஸ்ல ஓடும். நெட்வொர்க்ஸ் லேப்ல ஒரு பயிற்சியாவே இதை வைக்கலாம்னு நம்ம பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்.

அடுத்த தடவை "கொஞ்சம் பார்த்துக் கொடுப்பா"ன்னு கூப்பிட்டா தாராளமா போங்க. உட்கார்றதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க. இதுல இப்போ யாரோட ஐடி இருக்கு? அவர் இன்னும் இங்க வேலை பார்க்கிறாரா? அட்மின் பாஸ்வேர்டை என்னைக்கு மாத்தினீங்க? மெஷினைத் திருப்பிக் கொடுக்கும்போது யார் அழிப்பாங்க? பதில் இல்லேன்னா, அந்த வேலையையும் சேர்த்தே முடிச்சுட்டு வாங்க. அரை மணி நேரம் கூடுதலா ஆகும். டீ எப்படியும் வரும்.